மேல் பால்கனியில் பேசியது நான்தான்

கோபன்ஹேகன்
ஞாயிறு இரவு (கடிகாரத்தைக் கேட்டால் திங்கள் என்கிறது)

மதிப்புக்குரிய ஆசிரியர் தோர்கில் அவர்களுக்கு, உங்கள் இதழின் விமர்சகி மாரென் பணிவுடன் எழுதுவது.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். ஊர் தூங்குகிறது, என் பையன் மால்தெ தூங்குகிறான், என் கணவன் அஸ்கர் அவனைவிடச் சத்தமாகத் தூங்குகிறான். நான் மட்டும் சமையலறை மேசையில் ஆறிப்போன ஓட்ஸ் கஞ்சியின் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால்வலியும் உங்களை விட்டுவிட்டு எங்காவது போய் நலமாக இருக்கட்டும். உங்கள் மனைவி இங்கெருக்கு என் அன்பு. வழக்கம்போல இந்த விசாரிப்புகளை ஒரு பக்கத்துக்கு நீட்ட ஆசைதான், ஆனால் காலையில் நம் 'பாலே நண்பர்கள்' இதழ் அச்சுக்குப் போகிறது. இன்றைய 'கலங்கரை மகள்' பாலே நடனத்தைப் பற்றிய என் விமர்சனம் இதனுடன் இல்லை. எழுதாமல் இல்லை, மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். இதற்குள் ரிக்மோர் தன்னுடைய குறிப்பை உங்களுக்கு அனுப்பியிருப்பார், அல்லது அனுப்பப் போகிறார். தயவுசெய்து அதைப் போட்டுவிடாதீர்கள், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

பிள்ளை பெற்றபின் சிசெல் ராவ்ன் மேடைக்குத் திரும்பும் முதல் நாள் இது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றபின் நான் பால்கனிக்குத் திரும்பும் முதல் நாளும் இதுதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது, அதை யாரும் சுவரொட்டியில் போடவில்லை. பகல் காட்சி என்பதால் ஏற்பாடு சுலபமாகத்தான் இருந்தது. அரங்குக்கு எதிரே சதுக்கத்தைத் தாண்டினால் அந்தக் காபிக் கடை. மால்தெ தள்ளுவண்டியில் கம்பளிக்குள் கடை ஜன்னலுக்கு வெளியே குளிர்காற்றில் தூங்குவான், நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் தூங்குவதுபோல. அஸ்கர் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொள்வான். ஆனால் தோர்கில், அந்தக் கடையில் ஒரு தொலைக்காட்சி இருக்கிறது, அதில் ஹேண்ட்பால் பந்தயம் ஓடியது. ஹேண்ட்பால் ஓடும்போது அஸ்கருக்குக் காதும் கிடையாது, கண்ணும் ஒரே திசையில்தான். அதனால் பிள்ளை அழுதால் தூரத்திலிருந்தே கேட்கவைக்கும் பேபி மானிட்டரின் ஒரு பாதியைத் தள்ளுவண்டியில் வைத்து, மறுபாதியை நான் என் சட்டைப்பையில் போட்டு, அதன் வயரைக் காதில் செருகிக்கொண்டு போனேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய மானிட்டர் அது. விற்ற பெண் "இது ரொம்பத் தூரம் கேக்கும்"னு பெருமையாகச் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதுதான் என் கஷ்டகாலம்.

மேல் பால்கனியில் பக்கத்து இருக்கை ரிக்மோருக்கு. எனக்கு முன்னால் இந்தப் பத்தியை எழுதியவர் அவர்தான் என்பதை அவர் மறந்ததில்லை, என்னையும் மறக்க விட்டதில்லை.

"காதுல என்ன பொண்ணே, செவிட்டு மெஷினா? இந்த வயசுலயா?"

"என் பையன், ரிக்மோர்."

"பையன் காதுக்குள்ளயா இருக்கான்? நான்லாம் மூணு பெத்தேன். ஒண்ணுக்கும் வயர் கிடையாது."

அவசரத்துக்கு ஓட வசதியாக இருக்கட்டும் என்று காலணியைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளியிருந்தேன். விளக்கு அணைந்தது, திரை விலகியது, சிசெல் படகுத்துறையில் ஓடிவந்தாள், என் காதில் ஒரு குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான். எத்தனை பேர் காலை மிதித்தேன் என்று தெரியாது. காலுறையோடு அத்தனை படிகளும் இறங்கி, ஈரச் சதுக்கத்தில் ஓடி, தள்ளுவண்டியைத் திறந்து பார்த்தால் மால்தெ உதட்டில் எச்சில் குமிழியோடு தூங்குகிறான். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அஸ்கர் கையாட்டி, வெளியே வந்து, "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா? சின்ன பாலேயா?" என்று கேட்டான். திரும்பி ஓடினால், வாசலில் டிக்கெட் பார்க்கும் அம்மாள் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "இடைவேளைவரைக்கும் உள்ள விடமாட்டேன், நீங்க ராணியா இருந்தாலும். ராணின்னா செருப்பு போட்டிருப்பாங்க." ஆகவே முதல் அங்கத்தில் மிச்சமிருந்ததை நடைக்கூடத்துச் சின்னத் திரையில்தான் பார்த்தேன். அதில் சிசெல் ஒரு வெள்ளைப் பூச்சி அளவுக்குத் தெரிந்தாள். இதை விமர்சனத்தில் எழுத முடியுமா, சொல்லுங்கள்.

அங்கே நிற்கும்போதுதான் மறுபடி அந்தக் குழந்தை அழுதது, கூடவே ஓர் ஆண் குரல். "அழாதடா ராஜா, அம்மா குதிச்சு முடிச்சதும் வந்துடுவா." அஸ்கர் குரல் இல்லை. எந்த அம்மா குதிக்கிறாள்? இதே கட்டடத்தில் இன்னொரு மானிட்டர் இருக்கிறது, அதுவும் என்னுடையதும் ஒரே அலைவரிசையில் பேசுகின்றன என்று புரிவதற்குள் இடைவேளை மணி அடித்தது. என் காதுக்குள் ஒரு கதவு திறந்தது. மூச்சிரைக்க ஒரு பெண் குரல்: "குடு, குடு அவனை. ஊக்கு எங்க? ஐயோ, பட்டு முழுக்க நனைஞ்சுபோச்சு பாரு." சிசெல், சாட்சாத் சிசெல் ராவ்ன்!

அணைத்திருக்க வேண்டும் என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன், எனக்குள். ஆனால் அணைத்தால் மால்தெ அழுவது எப்படிக் கேட்கும்? ஒரு தாய் ஹேண்ட்பாலை நம்பி மானிட்டரை அணைக்க முடியுமா? அதனால் கேட்டேன். என் இருக்கைக்குத் திரும்பி உட்கார்ந்தும் கேட்டேன். அந்தக் குழந்தை குடிக்கும் சத்தம் கேட்டதும் என் உடம்பு யார் பிள்ளை என்று விசாரிக்கவே இல்லை, என் சட்டையும் நனைந்துவிட்டது. ரிக்மோர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார். "பால்காபி கொட்டிக்கிட்டியா?"

"இன்னைக்கு விளக்கு நிலையில நிக்க முடியுமான்னு தெரியல" என்றாள் சிசெல் என் காதில். "நேத்து ராத்திரி இவன் தூங்க விடல. கால் பஞ்சா இருக்கு."

"நிக்கலன்னா என்ன? யாருக்குத் தெரியும்?" என்றான் அந்த ஆள், அவள் கணவனாகத்தான் இருக்க வேண்டும்.

"மேல் பால்கனிக்குத் தெரியும். அங்க கழுகுங்க உக்காந்திருக்கு. மாரென்னு ஒருத்தி இருக்கா, அந்த ரசிகர் பத்திரிகையில எழுதுவா. போன தடவ நான் குதிச்சு இறங்கினா யாரோ சூட்கேஸை இறக்கி வைக்கிற மாதிரி இருக்குன்னு எழுதினா."

"அதையெல்லாம் யார் படிக்கிறா?"

"நான் படிக்கிறேன்ல."

தோர்கில், நம் இதழை அரங்குக்குள் யாராவது படிக்கிறார்களா என்று ஆண்டுக் கூட்டத்தில் நீங்கள் வருத்தப்பட்டீர்களே. படிக்கிறார்கள்.

இரண்டாம் அங்கம். உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் கோர்வையாகச் சொல்லிவிடுகிறேன், எனக்கே கோர்வை தேவைப்படுகிறது. புயலில் கலங்கரை விளக்கு அணைந்துபோகிறது. மகள் கையில் விளக்கை ஏந்தி ஒற்றைக் கால்விரல் நுனியில் நிற்கிறாள், இசை அடியோடு நின்றுவிடுகிறது, படகு கரைக்கு வந்து சேரும்வரை அவள் அசையக் கூடாது. மேல் பால்கனி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். நின்று காட்டினால் தரை அதிரக் காலால் தட்டுகிறோம், நம் பாட்டன்மார் காலத்திலிருந்து அப்படித்தான். நிற்காவிட்டால் தட்டுவதில்லை. அந்த மௌனம் மேடைக்குக் கேட்கும்.

சிசெல் விரல்நுனியில் எழுந்தாள். நின்றாள். எப்படி நின்றாள் தெரியுமா! படகு பாதி மேடை வந்துவிட்டது. அப்போது என் காதில் அவள் பிள்ளை அழ ஆரம்பித்தது. முதலில் முனகல், பிறகு விக்கல், பிறகு வீறிடல், அந்த மடையன் எங்கே போனான் என்று தெரியவில்லை, ஒருவேளை அவனுக்கும் எங்கோ ஹேண்ட்பால். அரங்கம் முழுவதும் நிசப்தம், இந்தப் பக்கக் காதில் மட்டும் உலகமே அழுகிறது. ஐந்து மாதமாக இந்தச் சத்தத்துக்கு என் வாய் ஒரே ஒரு பதிலைத்தான் பழகியிருக்கிறது. என்னைக் கேட்காமலே வாய் அதைச் சொல்லிவிட்டது, காதில் வயர் இருந்ததால் என் குரல் எவ்வளவு பெரிது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

"அழாதடா கண்ணா, அம்மா இதோ வர்றேன்!"

சிசெல் நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தாள். நடனமாடுபவள் பார்க்கும் பார்வை இல்லை அது. குதிகால் தரையில் பட்டது, விளக்கு ஆடியது, படகு இருட்டில் கரை சேர்ந்தது.

யாரும் தட்டவில்லை. நான் தட்டினேன், தோர்கில், சத்தியமாகத் தட்டினேன், இரண்டு காலாலும். ஆனால் காலுறையோடு தட்டினால் என்ன கேட்கும்? ரிக்மோர் என் தொடையில் கிள்ளினார். "வாய மூடுன்னா காலத் தூக்குற. உனக்குப் பைத்தியமா?"

"என்னாலதான் ரிக்மோர், நான் கத்தினதாலதான் அவ..."

"கூரை இடிஞ்சு விழுந்தாலும் நிக்கணும். போர்க்காலத்துல சைரன் ஊதினப்பவும் நின்னிருக்காங்க. பிள்ளை பெத்ததுக்கப்புறம் இவளுக்கு முடியல, அவ்வளவுதான். நான் எழுதத்தான் போறேன்."

ஆட்டம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் என் காதில் அவள் குரல் வந்தது. அழவில்லை, அழுதிருந்தால்கூடத் தேவலை. "யாரோ 'அம்மா வர்றேன்'னு சொன்ன மாதிரி கேட்டுச்சு. என் மண்டைக்குள்ளதான்னு நினைக்கிறேன். மண்டைக்குள்ள குரல் கேக்க ஆரம்பிச்சா விட்டுடணும். வியாழக்கிழமை ஆட்டத்துக்கு வேற ஆளப் போடச் சொல்லிடறேன்."

உடனே கலைஞர்கள் வாசலுக்கு ஓடினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். காவலாளி என் நனைந்த சட்டையையும் காலுறையையும் பார்த்துவிட்டு, "ரசிகருங்க அந்தப் பக்கம் வரிசையில நில்லுங்க, மேடம், கொஞ்சம் தள்ளியே நில்லுங்க" என்றார். நின்றேன். காதில் மறுபடி அழுகை. நன்றாக அழு கண்ணே, உன் அம்மா இப்போது உன் பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று நிம்மதியாக நின்றேன். அழுகை வளர்ந்தது, நானும் நிம்மதியாக நின்றேன். அப்போது சதுக்கத்தைத் தாண்டி அஸ்கர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். உள்ளே மால்தெ பீட்ரூட் நிறத்தில் இருந்தான்.

"எவ்வளவு நேரமா கத்துறான்! உன் காதுல என்ன, பஞ்சா?"

"நான் வேற குழந்தைன்னு நினைச்சேன்."

"நமக்கு எத்தனை குழந்தை இருக்கு மாரென்?"

அதற்கப்புறம் யார் வரிசையில் நிற்பது. வீட்டுக்கு வந்துவிட்டோம். என் காலணி இன்னும் பால்கனியில் இருக்கிறது.

ஆகவே தோர்கில், என் வேண்டுகோள் இதுதான். இந்த இதழில் ரிக்மோரின் குறிப்பு வேண்டாம், என் விமர்சனமும் வேண்டாம். அந்த இடத்தில், விளக்கு நிலை கலைந்ததற்குக் காரணம் மேல் பால்கனியிலிருந்து சத்தம் போட்ட உங்கள் விமர்சகி மாரென், சிசெல் ராவ்ன் அல்ல என்று மட்டும் போட்டு, என் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள். வியாழனுக்குள் அவள் படித்துவிடுவாள். அவள் நடனத்தைப் பற்றி ஒரு குறையும் வேண்டாம், ஒரு சொல்கூட வேண்டாம், பிள்ளைக்காரி, போதும். அதன்பிறகு பத்தியை நீங்கள் ரிக்மோருக்கே திருப்பிக் கொடுத்தாலும் நான் வாய் திறக்கமாட்டேன், இன்று திறந்ததே ஆயுளுக்கும் போதும்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்ல தூக்கம் வாய்க்கட்டும். அதைவிடப் பெரிய வாழ்த்து இன்றிரவு எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
மாரென்

பின்குறிப்பு: இதை அனுப்பப் போகும் நேரத்தில் ரிக்மோரிடமிருந்து குறுஞ்செய்தி. மனம் மாறிவிட்டாராம். 'பாவம், பால்குடிப் பிள்ளைக்காரி, திட்ட வேண்டாம், எல்லாம் அழகாக இருந்தது என்று எழுதி அனுப்பிவிட்டேன்' என்கிறார். பாவமா? எல்லாம் அழகா? தோர்கில், அந்தப் பெண் கால் பஞ்சாக இருந்தும் பாதி மேடை தூரம் படகு வரும்வரை விரல்நுனியில் நின்றவள், அவளைப் பாவம் என்று எழுத ரிக்மோர் யார்? அதைப் படித்தால்தான் அவள் உண்மையிலேயே விட்டுவிடுவாள். நான் மேலே எழுதியதில் என் பெயரையும் என் குற்றத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். விமர்சனம் எழுதிவிட்டேன், இணைத்திருக்கிறேன், கொஞ்சம் நீளம். விளக்கு நிலை, நான் கெடுக்கும்வரை, இந்த மேடையில் நான் பார்த்ததிலேயே சிறந்தது என்று அதில் இருக்கிறது. முதல் அங்கத்தில் அவள் முழங்கைகள் தொங்கின என்பதும் இருக்கிறது. சின்னத் திரையிலேயே தெரிந்தது, அப்போது நான் வாயே திறக்கவில்லை, முழங்கையில் பாலும் சுரப்பதில்லை. அந்த வரியை வெட்டிவிடாதீர்கள். அச்சகம் திறப்பதற்குள் சீக்கிரம் பதில் போடுங்கள்.