கடகத்தில் வளரும் பாலகன் பற்றிய மறுப்பு

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
12.06.2004

என்றும் அன்பு மாறாத சறோஜினிதேவி மாமிக்கு, மருமகள் பிரியவதனி எழுதிக்கொள்வது.

இங்கு உங்கள் அண்ணாவாகிய என் அப்பா, இவர், நான், மகன் ஆகிய நால்வரும் ஐந்து தள்ளுவண்டில்களும் சுகம். அங்கு நீங்களும் மாமாவும் நிலக்சனாவும் குளிர் விட்டு வெயில் கண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் எல்லோரையும் நயினை அம்பாள் காக்கவேண்டும்.

கடிதம் பிந்தியதற்கு மன்னிக்கவும். பச்சைத் தள்ளுவண்டிலுக்குள் வைத்து நீங்கள் அனுப்பிய கடிதம் சித்திரையிலேயே கைக்கு வந்துவிட்டது. நான் பதில் எழுதியதை மூன்று தரம் அப்பா வாசித்து, "இது காணாது" என்று கிழித்தார். இரண்டு தரம் நான் வாசித்து, இது கூடிப்போய்விட்டது என்று கிழித்தேன். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் குரலைக் கேட்டவுடன் நீங்கள் அழத் தொடங்குகிறீர்கள், ரெலிபோன் காட் முடிந்துவிடுகிறது. ஆகவே வருகிற கிழமை கனடா வருகிற வின்சன்ற் அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். யூலை 11ஆம் திகதி உங்கள் ஊர் ஒன்றியத்தின் கோடை ஒன்றுகூடலில் வாசிப்பதற்கும் மலரில் போடுவதற்கும் நீங்கள் எழுதி, அப்பாவின் பார்வைக்கு அனுப்பியிருந்த "கடகத்தில் வளரும் பாலகன்" என்ற உதவி வேண்டுகோளைத் தயவுசெய்து வாசிக்கவும் வேண்டாம், அச்சடிக்கவும் வேண்டாம். என் மகன் கடகத்தில் வளரவில்லை. அவன் அந்தப் பனையோலைக் கடகத்துக்குள் இருந்தது மொத்தம் நாலு நிமிடம்.

நடந்தது இதுதான் மாமி. பட்டதாரிகளுக்கு நியமனம் வரும் வரும் என்று இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சந்தைப்படுத்தல் பாடத்தில் திறமைச் சித்தி எடுத்தவள் என் கையால் ஒரு சதம் உழைத்ததில்லை. இவர் நயினாதீவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக் கொண்டுவருகிற சம்பளத்தில் பவுடர் வாங்கும்போதும் எனக்குக் கணக்குச் சொல்லவேண்டும்போல் இருக்கும், அவர் கேட்பதில்லை, ஆனாலும் இருக்கும். தைப்பொங்கலுக்கு முன் யாழ்ப்பாணத்தில் தியாகலிங்கம் அண்ணையின் கொம்யூனிகேசன் கடையில் இன்ரநெற் பார்க்கப் போனபோது, வீட்டிலிருந்தபடியே உழைக்கிற வழி ஒன்று கண்ணில் பட்டது. நாங்கள் கடை போடத் தேவையில்லை, சாமான் வாங்கி அடுக்கவும் தேவையில்லை. எங்கோ இருக்கிற கடைக்காரன் எங்களுக்கென்று ஒரு இணைப்பு தருவான், அதை நாங்கள் நாலு பேருக்கு அனுப்பவேண்டும், அதை அமத்தி உள்ளே போய் ஆராவது சாமான் வாங்கினால் எங்களுக்குக் கொமிசன். அப்பாவுக்கு இதை விளங்கப்படுத்தியபோது, "கலியாணத் தரகு மாதிரியோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "பொம்பிளை பகுதியும் மாப்பிளை பகுதியும் தரகனை விட்டிட்டு நேரை பேசி முடிச்சா?" என்றார். அப்படி நடக்காது என்றேன். நடந்தது அதேதான்.

ஆரம்பிக்கிற ஆட்களுக்கென்று அங்கே பத்து ஆலோசனை எழுதிக் கிடந்தது. நான் நாலாவது வாசிக்கும்போது கரண்ட் நின்றுவிட்டது. ஒன்று, உங்களுக்குப் பிடித்த பொருளைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு, உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள். மூன்று, பொருள் வருவதற்கு முன், வந்ததற்குப் பின் என்று படம் போடுங்கள். நாலு, தெரிந்த எல்லோருக்கும் அறிவியுங்கள். நான் நாலையும் ஒரே கிழமையில் செய்து முடித்தேன். எதைச் செய்யக்கூடாது என்பது மிச்சத்தில்தான் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

பிடித்த பொருள், பிள்ளையை இருத்தித் தள்ளுகிற தள்ளுவண்டில். நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை, கொம்பியூற்றரில் பச்சை நிறத்தில் வடிவாக இருந்தது. எந்த நிலத்திலும் ஓடும் என்று அவர்கள் எழுதியிருந்ததை நான் தமிழில் எழுதினேன். படத்துக்கு, வண்டில் வந்ததற்குப் பின் என்று அவர்களுடைய படத்தையே போட்டேன். வருவதற்கு முன் என்பதற்கு ஒன்றும் அகப்படவில்லை. அப்பா ஒடியல் கிழங்கு போட்டுவைக்கிற கடகத்தைக் கொட்டிவிட்டு, சீலை மடித்துப்போட்டு, மகனை அதற்குள் இருத்திப் படம் எடுத்தேன். அவன் அழுதது கடகத்துக்காக அல்ல மாமி, பசிக்கு. கீழே, "இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு வண்டில் இருந்தால் எப்படி இருக்கும்? நீங்களும் ஒருக்கால் அமத்திப் பாருங்கோ" என்று எழுதி, ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், லண்டன் என்று எங்கள் ஆட்கள் நாற்பத்துமூன்று பேருக்கு ஒரே அமத்தில் அனுப்பினேன். எனக்குக் கொமிசன் வரும் என்று மட்டும் எழுதவில்லை. எழுதக் கை கூசியது. சொந்தக்காரருக்கு அறிவிக்கிற கடிதத்தில் அந்தச் சொல் நல்லாயிருக்காது என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அந்த ஒரு வரிதான் வினை. அது இல்லாமல் வாசிக்கிற எவருக்கும் அது கேட்டு எழுதின கடிதம்தானே. ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற கடிதத்தில் ஒரு சாமானின் பெயர் இருந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? நீங்கள் முன்னொருதரம் சுவர் மணிக்கூடு அனுப்பினது, அப்பா நேரம் தெரியேல்லை என்று எழுதினதுக்குத்தானே.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் போய்க் கணக்கைப் பார்த்தேன். பூச்சியம். இணைப்பு வேலை செய்கிறதோ என்று நானே பதினொரு தரம் அமத்தினேன். உங்கள் இணைப்பை நீங்களே அமத்தக்கூடாது, இனிச் செய்தால் கணக்கு மூடப்படும் என்று கடிதம் வந்தது. மாசி முழுக்கப் பூச்சியம். பங்குனியில் பாசல் வரத் தொடங்கியது.

முதலில் பாரிஸ் குஞ்சியம்மாவின் நீலம். பிறகு லண்டனிலிருந்து சிவப்பு. சூரிச் அண்ணை அனுப்பியது இரட்டைப் பிள்ளைகளுக்கானது, அடுத்ததும் வரும்தானே என்று துண்டு எழுதி வைத்திருந்தார். பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒன்று, ஆர் அனுப்பியது என்று இன்னும் தெரியாது. கடைசியாக உங்கள் பச்சை. எல்லோரும் இணைப்பைப் பார்த்து உருகிவிட்டு, பக்கத்துக் கடையில் மலிவு விலை போட்டிருந்ததை வாங்கிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். நீங்கள் உட்பட ஒருவரும் இணைப்பை அமத்தவில்லை. குறை சொல்லவில்லை மாமி, நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசி இரண்டு பெட்டியையும் லொறியில் கொண்டுவந்தபோது பாலத்தடியில் நேவிக்காரர் மறித்தார். "பேபி எத்தனை?" என்றார். ஒன்று என்றேன். "வண்டி?" என்றார். இதோடு ஐந்து என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தங்களுக்குப் பொறுப்பான பெரியவரைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து, பச்சையைப் பூட்டி, தார் ரோட்டில் அங்கேயும் இங்கேயும் தள்ளிப் பார்த்தார்கள். பெரியவரின் மனைவிக்கு ஊரில் ஏழு மாதமாம். "நல்ல வண்டி. நீங்க எங்க வாங்கினது?" என்று கேட்டார். நாற்பத்துமூன்று பேருக்கு அறிவித்த இவ்வளவு நாளில் எங்கே வாங்கலாம் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். இணைப்பை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன குறியீடு என்று கேட்டார். விளங்கப்படுத்தி முடிய ஒன்றரை மணித்தியாலம் போனது.

தள்ளுவண்டில் எந்த நிலத்திலும் ஓடும் என்று எழுதியவள் நான்தான், எங்கள் ஒழுங்கை மணலில் அது படலையிலிருந்து ஆறாவது அடியில் புதைந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டிலையும் தூக்கவேண்டியிருந்தது. நீலத்தில் இப்போது அப்பா குடிதண்ணீர்க் கான் ஏற்றுகிறார். தார் ரோட்டுக் கரையால் போனால் மூன்று கான் போகும். சிவப்பு, பக்கத்து வீட்டு இராசமணி அக்காவின் கிழங்குக்கு. "பிள்ளை, உந்தச் சிவப்பை ஒருக்கால் தாரும். கட்டு ஏத்தவேணும்" என்று வந்தவ, போகும்போது கேட்டுவிட்டுப் போனா: "உமக்கு வெளிநாட்டிலை ஆர் போனது, இவ்வளவு சாமான் இறங்குது?" நான் சொன்ன பதிலை அவ ஊருக்கு எப்படிச் சொன்னாவோ தெரியாது, போன செவ்வாய்க்கிழமை மண்டைதீவிலிருந்து ஒரு பிள்ளை கைக்குழந்தையோடு பஸ்ஸில் வந்து, "அக்கா, வண்டில் குடுக்கிற நிறுவனத்திலை பேர் பதியிறது இஞ்சையோ?" என்று கேட்டாள். பேர் பதியவில்லை, ரொறன்ரோவில் ஆரோ அனுப்பியதைக் கொடுத்துவிட்டேன். ஐந்து என்று மேலே எழுதியது பழைய கணக்கு, நாலு என்று திருத்தி வாசிக்கவும்.

இதெல்லாம் பரவாயில்லை. உங்கள் வேண்டுகோளை அப்பா குசினி வாசலில் நின்று உரத்து வாசித்தார். "உடுக்கத் துணியின்றி" என்ற இடத்தில் நிறுத்தினார். துணியில்லாதது வெக்கைக்கு மாமி, மத்தியானம் எடுத்த படம். "ஆழ்வாப்பிள்ளையின்ரை பேரன் எண்டு என்ரை பேரும் போட்டிருக்கிறாளே" என்றார். பிறகு, "ரொறன்ரோவிலை இருக்கிற எங்கடை ஊர்ச் சனம் முழுக்க வந்து கோழிக்கால் வாட்டிச் சாப்பிடேக்கை, என்ரை தங்கச்சி மைக்கைப் பிடிச்சுக்கொண்டு என்ரை பேரனை ஏலம் போடப்போறாளோ?" என்றார். அன்றையிலிருந்து நீங்கள் அனுப்பிய மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. நேரம் என்னிடம் கேட்கிறார். தண்ணீர் அள்ளப் பச்சையை மட்டும் தொடுவதில்லை. வேண்டுகோள் மேடையேறினால் இனி உங்கள் ரெலிபோனுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், அப்பா சொன்னால் செய்கிறவர் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் இருப்பது ஒருவருக்கு ஒருவர்தான். ஒரு கொமிசனை ஒளித்த என்னால் அது கெடக்கூடாது.

பிறகு போய் அந்த ஆலோசனைகளில் ஒன்பதாவது வரை வாசித்துவிட்டேன். பாவித்த பொருளைத்தான் சொல்லவேண்டும், கொமிசன் வரும் என்று முதல் வரியிலேயே சொல்லவேண்டும், தேவையில்லாத ஆட்களுக்கு அனுப்பக்கூடாது. பத்தாவதைத் திறப்பதற்கு முன் காசு கட்டின மணித்தியாலம் முடிந்துவிட்டது. இனி அது எனக்குத் தேவையுமில்லை, கணக்கை மூடப்போகிறேன். ஆகவே மாமி, வேண்டுகோளை நிறுத்துங்கள். மேடையில் ஏதாவது சொல்லத்தான் வேண்டுமென்றால், ஆழ்வாப்பிள்ளையின் பேரன் பத்துக் கிலோ, நாலு பல், எவரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.

மாமாவுக்குப் பிரசர் குளிசையை நேரத்துக்குப் போடச் சொல்லவும். நிலக்சனாவின் சோதனை நன்றாக அமையட்டும். அப்பா ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதும்போது இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

உங்கள் பாதம் பணியும் மருமகள்,
பிரியவதனி சசிகரன்

பி.கு.: கடிதத்தை ஒட்டவில்லை. கணக்கை மூட இன்று தியாகலிங்கம் அண்ணையின் கடைக்குப் போனேன். பத்தாவது ஆலோசனையையும் வாசித்தேன். கணக்கில் "இன்று" என்ற பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், "தொடக்கத்திலிருந்து" என்ற பக்கத்தையும் பாருங்கள் என்று கிடந்தது. நான் சனிக்கிழமைகளில் பார்த்ததெல்லாம் "இன்று" மட்டும்தான். பார்த்தேன். மாசி 3ஆம் திகதி, பச்சை வண்டில் ஒன்று, ரொறன்ரோ. நாற்பத்துமூன்று பேரில் நீங்கள் ஒருவர்தான் அமத்தி வாங்கியிருக்கிறீர்கள் மாமி. நாலரை டொலர். என் வாழ்க்கையின் முதல் உழைப்பு. அச்செடுத்துக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு வாசித்தார். "தங்கச்சியோ?" என்றார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, "மணி நாலேகால்" என்றார். பச்சையில் இரண்டு கான் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

நூறு டொலர் சேர்ந்தால்தான் காசோலை அனுப்புவார்களாம். இன்னும் இருபத்திரண்டு வண்டில் போகவேண்டும். ஆகவே மலர் அச்சாகிவிட்டதென்றால் கிழிக்கவேண்டாம். அடியில் இந்த இணைப்பையும், கொமிசன் எனக்கு என்பதையும், சாமானை இங்கே அனுப்பாமல் அவரவர் வீட்டுக்கே எடுக்கவேண்டும் என்பதையும் சேர்த்து நீங்களே வாசியுங்கோ, நீங்கள் வாசித்தால் சனம் அழும். படம் தெளிவில்லை என்றால் உடனே அறிவிக்கவும். கடகம் இருக்கிறது. மகன் கொஞ்சம் பெருத்துவிட்டான், காலை மடக்கினால் கொள்ளும்.