பதினோரு ஜீப்பும் ஓர் எம்.ஏ.வும்

தண்டாயுதபாணி தம் பதினேழு வருட இல்லற வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சபதம் எடுத்தார். மனைவி கலைமணியை எம்.ஏ.வில் ஃபெயிலாக்கிவிடுவது.

கேட்க இது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் மனிதர் பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிட வேண்டும். தாண்டிக்குடி ஸ்டாண்டில் சொந்த ஜீப் வைத்து ஓட்டுகிறவர். மழையிலும் மூடுபனியிலும், ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம் என்றிருக்கும் பாதையில், பதினாறு பேரை அடைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி போவார். மலையில் அவருக்குப் பயமே கிடையாது. பயமெல்லாம் வீட்டில்தான்.

கலைமணி ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடமாக ஆன்லைனில் எம்.ஏ. படித்தாள். படிப்பின் பெயர் ‘நேர்மறை நிறுவன உளவியலும் திட்ட மதிப்பீடும்.’ பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஜீப்பில் பண்ணைக்காடே வந்துவிடும் என்று ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள்.

“அப்படின்னா என்ன கலை?” என்று அவர் ஒருநாள் கேட்டார்.

“நாலு பேரு சேந்து வேலை பாக்குற எடத்துல என்ன கோளாறுன்னு தோண்டாம, என்ன நல்லது இருக்குன்னு பாத்து வளக்கிறதுங்க. வளந்துச்சா இல்லையான்னு அப்புறம் அளந்து பாக்கிறது.”

“எத வச்சு அளப்ப? டேப்பு வச்சா?”

“அதத்தாங்க படிக்கிறேன்.”

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லருகே நின்று கலைமணி போனில் பேசியது அவர் காதில் விழுந்தது. “ஆமா மேடம். ப்ராஜெக்ட் பாஸானா சென்னையில வேலை உறுதி. ஜூன்ல சேந்துருவேன். அவருகிட்ட இன்னும் சொல்லல.”

தண்டாயுதபாணி மனசுக்குள் கணக்குப் போட்டார். மகள் ஸ்வேதா ஏற்கெனவே திண்டுக்கல் ஹாஸ்டலில். இவளும் சென்னைக்குப் போய்விட்டால் வீட்டில் மிச்சம் அவரும் ஒரு பூனையும்தான். அந்தப் பூனையும் கலைமணி சொன்னால்தான் கேட்கும். உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. உப்பை விடுங்கள். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே நுழையும்போது, “ஏன் இம்புட்டு நேரம்?” என்று ஒரு குரல் திட்டுமே, அது கேட்காத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“போகாத கலை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அவள் இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்பது வெளியே தெரிந்துவிடுமே! அதற்கு அவளை ஃபெயிலாக்குவதே சுலபம் என்று பட்டது.

வாய்ப்பு தானாகவே வீடு தேடி வந்தது.

“உங்க ஸ்டாண்டுலதாங்க என் ப்ராஜெக்ட்டு” என்றாள் கலைமணி. “டிரைவருங்களுக்குள்ள ஒத்துழைப்ப வளக்கிறது. எட்டு வாரம், புதன்கிழமை புதன்கிழமை ஒரு மணி நேரம். மொதல்ல ஒரு படிவம் குடுப்பேன், கடைசியில திரும்ப அதே படிவம். மார்க்கு ஏறியிருந்தா நான் பாஸு.”

“ஏறலைன்னா?”

“அம்புட்டுத்தான். ஊத்திக்கும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.”

நாலு பக்க சம்மதக் கடிதம். அவர் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். சபதத்தை நிறைவேற்ற வழி கிடைத்த சந்தோஷத்தில் எதில் வேண்டுமானாலும் போட்டிருப்பார்.

அந்த ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு ஜீப், பதினோரு கட்சி. யார் முறை, யார் ஆளை யார் ஏற்றினார் என்று பொழுது விடிந்தால் சண்டை. ஸ்டாண்டு போர்டுக்குப் பச்சைப் பெயின்டா நீலப் பெயின்டா என்று ஆறு வருடமாக முடிவாகவில்லை. போர்டு வெறும் தகரமாகவே நிற்கிறது. சண்டை முற்றினால் கையில் இருக்கும் டீ கிளாஸ் பறக்கும். பக்கத்து டீக்கடை அமிர்தவல்லி, குடும்பத்தோடு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவள். உடைகிற கிளாஸுக்கெல்லாம் காலண்டரில் அந்தந்தத் தேதியில் கோடு போட்டு வைப்பாள். “இனி கிளாஸ் வாங்கிப் போட என்னால ஏலாது, சொல்லிப்போட்டேன்” என்று வாரம் தவறாமல் சொல்லுவாள்.

தம்மைத் தவிர்த்த பத்துக் கட்சியையும் தண்டாயுதபாணி ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்.

“படிவத்துல பத்துக் கேள்வி இருக்கும். அஞ்சு போட்டா நல்லாருக்குன்னு அர்த்தம். ஒண்ணு போட்டா நாசமாப் போச்சுன்னு அர்த்தம். எல்லாரும் பத்துக்கும் ஒண்ணே போடணும்.”

“நெசமாவே நாசமாத்தான்லே கெடக்கு!” என்றார் சேனாதிபதி. ஸ்டாண்டிலேயே வயதில் மூத்தவர், கோபத்தில் அதைவிட மூத்தவர்.

“கடைசியிலயும் ஒண்ணேதான் போடணும்ணே. விசயமே அதுலதான் இருக்கு.”

“அதுல எங்களுக்கு என்ன லாபம்?” என்று கேட்டான் கோகுல்ராஜ். ஸ்டாண்டுக்குப் புதியவன், வாய்க்குப் பழையவன். “எனக்குத் திங்களும் வியாழனும் வெள்ளனே போற பாச்சலூர் ட்ரிப்பு வேணும்.”

“அப்ப எனக்கு எஸ்டேட்டு ட்ரிப்பு!”

“எனக்குச் சந்தை ட்ரிப்பு!”

பேரம் பேசிப் பேசி, இரண்டு சுற்று டீ முடிவதற்குள் வாரம் முழுக்க யாருக்கு எந்த முறை என்று ஓர் அட்டையில் எழுதி ஒட்டியாகிவிட்டது. ஆறு வருடமாக நடக்காத காரியம் அது. தண்டாயுதபாணி அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் சென்னையில் இருந்தது.

அடுத்த தலைவலி சேனாதிபதியின் வாய். கோபம் வந்தால் மனிதர் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவார். போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதே ஒரு சண்டையில்தான் ஊருக்குத் தெரிந்தது. இந்தச் சதியும் அப்படி வெளியே வந்துவிட்டால்?

“எட்டு வாரத்துக்கு ஸ்டாண்டுல சண்டையே கூடாது” என்று உத்தரவு போட்டார் தண்டாயுதபாணி.

“கோவம் வந்தா என்னலே செய்யிறது?”

“ஒரு பிளேன்டீ குடிங்கண்ணே. எங்கிட்ட வந்து சொல்லுங்க. நான் பேசி முடிக்கிறேன்.”

அன்றிலிருந்து அவருக்கு இதே சோலியாகிப் போனது. காலையில் இவரைச் சமாதானப்படுத்துவார், மத்தியானம் அவரை. வீட்டில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மனிதர் ஸ்டாண்டில் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை வகுப்புகளில் பதினோரு பேரும் இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்கள். கலைமணி சளைக்கவில்லை.

“பக்கத்துல இருக்கிறவரப் பத்தி ஆளுக்கு ஒரு நல்லது சொல்லணும். சேனாதிபதி அண்ணே, நீங்க ஆரம்பிங்க.”

“கோகுல்ராஜு வண்டி ஹாரன் நல்லாருக்கும்.”

“நீங்க சொல்லுங்க தம்பி.”

“அண்ணன் வராத அன்னைக்கு ஸ்டாண்டு நல்லாருக்கும்.”

வேறு நாளாக இருந்தால் கிளாஸ் பறந்திருக்கும். சேனாதிபதி பல்லைக் கடித்துக்கொண்டு தண்டாயுதபாணியைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். சேனாதிபதி கண்ணை மூடிக்கொண்டு, “அமிர்தவல்லி, ஒரு பிளேன்டீ” என்றார்.

ஐந்தாம் வாரம் கோகுல்ராஜ் வண்டியின் ஆக்சில் முறிந்தது. தண்டாயுதபாணிக்குத் தூக்கம் போய்விட்டது. கலைமணி இரக்கப்பட்டு இவனுக்கு ஏதாவது உதவி செய்யப்போய், பயல் நன்றியில் உருகி எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் என்ன செய்வது? வெரசாகக் கூட்டம் போட்டார். பத்துப் பேரும் ஆளுக்கு ஒரு ட்ரிப்பு தங்கள் ஜீப்பை அவனுக்கு ஓட்டக் கொடுப்பது என்று முடிவானது. தன் ஸ்டியரிங்கைப் பெற்ற மகன்கூடத் தொடவிடாத சேனாதிபதி, “எலே, மூணாவது கியரு கொஞ்சம் மொரண்டு பிடிக்கும், தட்டிப் போடு” என்று சொல்லிச் சாவியை நீட்டினார்.

வீட்டில் கலைமணி பெருமூச்சு விட்டாள். “ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதுங்க. எல்லாரும் கல்லு மாதிரி உக்காந்திருக்காங்க.”

“பாவம், நீயும் எம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிச்ச” என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு தோசை போட்டுக்கொண்டார்.

மனசாட்சி குத்தாமல் இல்லை. சிக்னலுக்காகத் தோட்டத்து மேட்டில், ஆரஞ்சு மரத்தடியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு பனியில் அவள் பாடம் கேட்பதைப் பார்த்து, இரண்டு தடவை உண்மையைச் சொல்லிவிட மேடேறினார். இரண்டு தடவையும் சென்னை ஞாபகம் வந்து இறங்கிவிட்டார்.

எட்டாம் வாரம் கடைசிப் படிவம். பதினோரு பேரும் பத்துக்குப் பத்து ஒன்று போட்டார்கள். கலைமணி முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கிக்கொண்டு போனாள்.

மேட்டு மரத்தடியில் அவளுக்கு ஆன்லைனில் எம்.ஏ. வாய்மொழித் தேர்வு நடந்த அன்று, தண்டாயுதபாணி வத்தலக்குண்டிலிருந்து அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். அழுதுகொண்டு வருவாள், ஆறுதல் சொல்ல வேண்டும், வெறுங்கையோடு எப்படிச் சொல்வது?

கலைமணி சிரித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“பாஸுங்க! மொத வகுப்பு!”

“எப்படி? எல்லாரும் ஒண்ணுதானே போட்டாய்ங்க…” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஒண்ணேதான். பதினோரு பேரு, பத்துக் கேள்வி. நூத்திப்பத்துப் பதிலும் ஒண்ணு. ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. ஒரு போர்டுக்குப் பெயின்டு அடிக்க முடியாத ஆளுங்க! இம்புட்டு ஒத்துமைய எங்க பேராசிரியரே பாத்ததில்லையாம்.”

“மார்க்கு ஏறலேன்னா ஊத்திக்கும்னு சொன்ன?”

“உங்களுக்குச் சொன்னேன். படிவத்த மட்டும் நம்பி யாருங்க மதிப்பீடு பண்ணுவா? அமிர்தவல்லி அக்கா காலண்டர வாங்கிட்டேன். முந்தின எட்டு வாரத்துல ஒடஞ்ச கிளாஸு முப்பத்தி நாலு. இந்த எட்டு வாரத்துல ரெண்டு. அதுல ஒண்ணு பூனை தட்டி விட்டது. அப்புறம் உங்க முறை அட்டை, கோகுல்ராஜுக்குப் பத்துப் பேரு வண்டி குடுத்தது, எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.”

கலைமணி ஆய்வேட்டின் ஆரம்பப் பக்கத்தைப் புரட்டி நீட்டினாள். முதல் வகுப்புக்கு இரண்டு வாரம் முந்திய தேதியில் அவள் எழுதிக் கொடுத்த திட்டம்: ‘ஓட்டுநர்களை ஒன்றுசேர்க்க அவர்களுக்குப் பொதுவான ஓர் எதிரி தேவை. அது ஆய்வாளராக இருக்கும். அவர்களை வழிநடத்த ஒரு தலைவர் தேவை. அது ஆய்வாளரின் கணவராக இருக்கும். மனைவிக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்வதென்றால் அவரிடம் அபாரமான உழைப்பு வெளிப்படும்.’

“இப்படியெல்லாம் ஒரு மனுசன ஏமாத்தலாமா?”

“சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டீங்களே. ‘முழு நோக்கமும் முடிவில்தான் தெரிவிக்கப்படும்’னு மூணாம் பக்கத்துல இருக்கு. பதினோரு பேருல ஒருத்தரும் படிக்கல.”

“அப்ப அந்தச் சென்னை வேலை?”

“தொவைக்கிற கல்லுகிட்ட என்னைக்குங்க சிக்னல் கெடச்சிருக்கு?”

தண்டாயுதபாணி தொப்பென்று படிக்கட்டில் உட்கார்ந்தார். கோபம் வரவேண்டும். எங்கே தேடியும் வரவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சின் மேல் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது.

“அப்ப நீ போகல?”

“எங்கங்க போறது? எங்க நிறுவனத்துலயே திட்ட மதிப்பீட்டாளர் வேலை குடுத்துட்டாங்க. கிளாவரை வரைக்கும் மலைக் கிராமமெல்லாம் சுத்தணும். உங்க ஜீப்புலதான்.”

“போகலேல்ல?”

“போகலைங்க.”

“நெசமா?”

கலைமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “போகாத கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மொத நாளே என் ப்ராஜெக்ட்டு படுத்திருக்கும். எட்டு வாரமும் எனக்கு இருந்த பயம் அது ஒண்ணுதான்.”

“போகாத கலை” என்றார் அவர். இத்தனை நாள் சொல்ல வராத வார்த்தை இப்போது லேசாக வந்துவிட்டது. கண்ணில் பனி விழுந்துவிட்டது என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டார். அன்று வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கலைமணி மைசூர்பாகு டப்பாவைத் திறந்தாள்.

இரண்டாவது துண்டைக் கடித்தபடி சொன்னாள்: “டிரைவருங்க வீட்டம்மாக்கள் எல்லாரும் வந்து கேட்டாங்க. வீட்டு வேலைய ஆம்பளைங்க பங்கு போட்டுச் செய்யிறதுக்கு ஒரு எட்டு வாரத் திட்டம். மொத வீடு நம்ம வீடு.”

தண்டாயுதபாணி உஷாரானார். ஒரு தடவை விழுந்தாயிற்று, இன்னொரு தடவை விழ அவர் என்ன முட்டாளா? எங்கே கோட்டை விட்டோம் என்று யோசித்தார். எதிர்த்ததில்தான் விழுந்தது. எதிர்ப்பார் என்று நம்பித்தானே அவள் திட்டமே போட்டாள்? இந்த முறை எதிர்ப்பே கிடையாது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும். அப்புறம் எப்படித் திட்டம் போடுகிறாள் என்று பார்த்துவிடலாம்!

வெற்றிப் புன்னகையோடு எழுந்தார். சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து, காலையிலிருந்து ஊறிக்கொண்டிருந்த குழம்புச் சட்டியைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

கலைமணி புது நோட்டைத் திறந்து, ‘முதல் வாரம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.