பற்றரி அண்ணன் காப்பாற்றிய கதாநாயகி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: உலகத்தில் படம் எடுத்த அத்தனை பேரையும் ஒரு தட்டில் வைத்து, எங்கள் பனிச்சங்கேணி ஊர்ப் பற்றரி அண்ணனை மறு தட்டில் வைத்தால், அண்ணனின் தட்டுத்தான் தாழும்!

ஊருக்குக் கரண்டு வராத காலத்தில் எங்களுக்குப் படம் காட்டியவர் அவர். சைக்கிளில் பின்னுக்கு டீவி, முன்னுக்குப் படக் கசட் போடும் டெக், தோளில் லொறிப் பற்றரி. பொழுதுபட முதல் எல்லாரும் வீடு சேரவேண்டிய யுத்தக் காலம் அது. அதனால் பின்னேரம் மூன்று மணிக்கே ஒரு கொட்டிலைச் சாக்கால் மூடி இருட்டாக்கிப் படம் போடுவார். முடியப் பத்து நிமிடம் இருக்கும், பற்றரி இறங்கிவிடும். ஒரு நாளும் தவறாது! உடனே அண்ணன் டீவிக்கு முன்னால் வந்து மிச்சக் கதையைத் தானே நடித்துக் காட்டுவார். வில்லனும் அவரே, கதாநாயகியும் அவரே, குதிரையும் அவரே. குதிரைக்குத்தான் கைதட்டு அதிகம்.

இப்போது எங்கள் மாதர் சங்க மண்டபத்துக்குச் சுவரளவில் டீவி வந்திருக்கிறது. சனிக்கிழமைகளில் போடுவது பழைய படமா, புதுப் படமா என்று பெரிய சண்டை.

"புதுப் படத்தில கமராக்காரன் ஒரு இடத்தில நிக்கிறானா? குளவி குத்தினவன் மாதிரி ஓடித் திரியிறான்" என்பார் அண்ணன்.

இறால் விற்கும் மலர் விடமாட்டாள். "உங்கட பழைய படத்தில அவள் அழுது முடியிறதுக்குள்ள நான் ஒரு கூடை இறால் உரிச்சிருவன், மாமா."

"அழுகையெண்டா அது அழுகை, புள்ள! இப்ப உள்ளதுகள் அழத் தொடங்கவே பாட்டு வந்திருது."

கடைசியில் ஒரே நாளில் இரண்டையும் போட்டுப் பார்ப்பது, கை தூக்கித் தீர்ப்பது என்று முடிவானது. "தோத்தா இந்த மண்டப வாசலை மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டார் அண்ணன். பெண்சாதி போனபிறகு அவருக்கு இருந்த ஒரே போக்கிடம் அந்த மண்டபம்தான்.

காலையில் புதுப் படம். என்ன சத்தம், என்ன வேகம்! மலை உருண்டு எங்கள் மடியில் விழப்போவதுபோல இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு கத்தினேன்.

பின்னேரம் பழைய படம். அண்ணன் வேறொன்றைத்தான் கொண்டுவந்தார். மலர் விடவில்லை. "அந்த ரெட்டைப் புள்ளைப் படத்தைப் போடுங்க. அதானே ஊருக்கே பாடம்!" ஆற்றில் விழுந்த கதாநாயகியைத் தோணிக்காரன் தூக்கிவிடுவான், அவளுக்கு ரெட்டைப் பிள்ளை பிறக்கும். அண்ணன் நடித்துக் காட்டி எங்களுக்கு மனப்பாடமான முடிவு அது.

முடியப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணனுக்கு வேர்த்தது. மெல்ல எழும்பிப் பிளக்கு இருந்த சுவரடிக்குப் போனார்.

"இரிங்க மாமா, இது பற்றரி இல்ல, கரண்டு!" என்று மலர் மறித்தாள்.

கதாநாயகி ஆற்றில் விழுந்தாள். தண்ணிக்குள் மூழ்கினாள். செத்தே போனாள்.

பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள். "அப்ப ரெட்டைப் புள்ள எங்க?"

"மாமோய்! எல்லாப் படத்துக்கும் முடிவு நீங்க கட்டினதா? பற்றரி இறங்கினதும் பொய்யா?" என்று மலர் எழும்பினாள்.

"சில நாள் இறங்கினதுதான்" என்றார் அண்ணன். "மத்த நாள்..." என்று தன் கால் பெருவிரலைப் பார்த்தார். அந்த விரலால்தான் பற்றரி வயரை இழுத்திருக்கிறார்! "அந்த நாளையில ஊரெல்லாம் செத்த வீடு. படம் பாக்க வந்த சனத்தையும் அழவிட்டு அனுப்பச் சொல்லுறியா?"

ஆனாலும் போட்டி போட்டிதானே. புதுப் படத்துக்கு மண்டபம் நிறையக் கை. பழையதுக்கு ஒன்றுகூட இல்லை. அண்ணன் செருப்பைத் தேடிக் காலில் போட்டார்.

சங்கத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவள் நான். எப்படி எழும்பினேனோ தெரியாது. "அண்ணன், அந்த ரெட்டைப் புள்ளைகள் வளந்து என்னவானதுகள்? சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். மலர் ஓடிப்போய்க் கதிரையை இழுத்து டீவிக்கு முன்னால் போட்டாள்.

இப்போது எல்லாச் சனிக்கிழமையும் புதுப் படம்தான். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மலரே பிளக்கைப் பிடுங்குவாள். அண்ணன் எழும்புவார். எண்பது வயதிலும் மலையும் அவரே, உருளுவதும் அவரே!

என் வீட்டுக்காரர் வாவிக்கு மீன்பிடிக்கப் போய்த் திரும்பி வராத மாதம்தான் அந்த ரெட்டைப் பிள்ளைப் படத்தை முதலில் பார்த்தேன். தோணிக்காரன் கை நீட்டித் தூக்கியதை அண்ணன் நடித்துக் காட்டினார். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.

இதில் நாள், கிழமை பிழைத்திருந்தால் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்தப் படத்தின் முடிவை மட்டும் திருத்த வேண்டாம்.