பீரோவைத் திறந்தால் குழம்பு

கல்யாணமான புதிதில் எந்தப் பெண்ணும் கடப்பாரையைத் தொடக்கூடாது என்று யாராவது ஒரு சட்டம் கொண்டுவந்தால், முதல் கையெழுத்து நான் போடுவேன். புகுந்த வீட்டில் நல்ல பேர் வாங்குகிற அவசரத்தில் புத்தி வேலை செய்யாது, கை மட்டும்தான் வேலை செய்யும். என் கை செய்த வேலையைக் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதுகிறவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா மலைமேல் எஸ்டேட்டில், காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். கட்டில், பாத்திரம் என்று சீரெல்லாம் வந்துவிட்டது. இரும்பு பீரோ மட்டும் வரவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றியதில் எஸ்டேட்டில் வேலையே பாதிதான். அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பக்கத்து ஊர் சிலமலையில் இருந்த என் மாமியார் சும்மா இருப்பாரா? வரும்போதெல்லாம் எங்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு, "பீரோ என்ன நடந்தா வருது? போடிமெட்டுலருந்து எறங்க இம்புட்டு நாளா?" என்பார். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அப்பாவைச் சொன்னால் என்னால் தாங்க முடியாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அளந்துவிட்டேன்.

"எங்கப்பா சுவத்துலயே பீரோ கட்டித் தாராரு அத்தை. மேல பங்களாவுல எல்லாம் அப்படித்தான்."

(அப்பா வாழ்நாளில் ஒரு ஆணி அடித்தவரில்லை.)

"அப்படியா ஆத்தா! அடுத்த சந்தைக்கு வர்றப்ப பாத்துர்றேன்" என்று போய்விட்டார்.

வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "தச்சருக்குக் குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு?" என்றார். "தச்சர் எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ!

உடைந்த தேயிலைப் பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. அந்தப் பிளைவுட்டில் கதவும் தட்டும் ஆயிற்று. ஆனால் அறையோ, கட்டிலைப் போட்டபின் மனிதர் பக்கவாட்டில் நடக்க வேண்டிய அறை. பீரோ வெளியே நீட்டிக்கொண்டு நிற்க இடம் கிடையாது. யோசித்தேன். சுவரோ பழைய மண்சுவர், நல்ல தடிமன். உள்ளே குடைந்துவிட்டால்? இடமும் மிச்சம், பின்பலகையும் மிச்சம்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் கடைக்குக் கிளம்பியதும் கடப்பாரையை எடுப்பேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ராசாத்தி அக்கா வீடு. சத்தம் கேட்டு ஓடிவந்தார். "என்ன புள்ள சோலி, இப்பிடி இடிக்குது?"

"அம்மி கொத்துறேன்க்கா."

"அப்ப என்னோடதையும் சேத்துக் கொத்திரு" என்று தன் அம்மியைத் தூக்கிவந்து போட்டுவிட்டார். விதியே என்று அதையும் கொத்தினேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

குடையக் குடைய ஓரிடத்தில் சுவர் 'டொம் டொம்' என்று சத்தம் கொடுத்தது. ஆகா, எவ்வளவு கெட்டியான சுவர் என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள்.) சுண்ணாம்பு அடித்து, தட்டு பொருத்தி, கதவு மாட்டி, என் முகூர்த்தப் பட்டுச்சேலையை மடித்து வைத்தேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

சந்தையன்று மாமியார் வந்தார். என் கெட்ட நேரம், அப்பாவும் அன்றைக்கே ஜீப்பில் இறங்கிவந்து நிற்கிறார். அவர் காதில் விஷயத்தைப் போடுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"அண்ணே, பீரோவ ஜோராக் கட்டியிருக்கீகளே! இம்புட்டுக் கைவேல தெரியும்னு ஒரு வார்த்த சொல்லலையே?"

அப்பா பீரோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே காலில் விழுந்தேன்.

"ஏதோ நம்மால முடிஞ்சது தங்கச்சி" என்றார் அப்பா.

"புது பீரோவுல வெறுந்துணிய வைக்கப்படாது. நெறகொடம் வச்சாத்தான் வீடு நெறையும்" என்று சொல்லி, தங்கள் வயல் நெல்லை வாய்வரை நிரப்பிக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தை மாமியார் தூக்கினார். தட்டில் வைத்தார். விளிம்பில் நிற்கிறதே என்று கை இரண்டையும் கொடுத்து உள்ளே ஒரு தள்ளு தள்ளினார்.

அடி ஆத்தி! சுவர் பொலபொலவென்று போய்விட்டது. குடத்தைக் காணோம். பட்டுச்சேலையைக் காணோம். பீரோவுக்குள்ளிருந்து வெளிச்சம் வருகிறது, புகை வருகிறது, கருவாட்டுக் குழம்பு வாசம் வருகிறது. கதவுக்கு நடுவில் தலையெல்லாம் மண்ணாக, கையில் கரண்டியோடு ராசாத்தி அக்கா நிற்கிறார்!

அவர்தான் முதலில் வாய் திறந்து மாமியாரைக் கேட்டார். "என்ன மதினி, நல்ல பட்டுச்சீலையக் கொண்டாந்து கொழம்புல போடுறீக?"

விஷயம் இதுதான். அக்கா தன் பக்கத்தில் சுவரை எப்போதோ குடைந்து, அடுப்புக்கு மேலே சாமான் வைக்க மாடம் செய்திருக்கிறார். நான் இந்தப் பக்கம் குடைந்தேன். நடுவே மிஞ்சியது ஒரு அப்பளம்தான். கொதிக்கிற சட்டியில் என் முகூர்த்தப் பட்டு, அதன் மேல் சிலமலை நெல்.

மாமியார் மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார். அப்பாவின் மானத்தைக் காப்பாற்றப் போய், நானே அவரைக் கொண்டுவந்து நடுவீட்டில் நிறுத்திவிட்டேனே! உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா விடவில்லை.

"அளவு கொஞ்சம் பெசகிப்போச்சு தங்கச்சி. என் தப்புதான், மன்னிச்சுக்கங்க."

மாமியார் அவரைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, கொப்புளங்களைப் பார்த்தார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "போதும்ண்ணே. இனிமே நீங்க பீரோ கட்டவும் வேணாம், வாங்கவும் வேணாம்" என்றார். சொன்னபடியே அதன்பிறகு பீரோ என்ற பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது "என்ன கொழம்பு?" என்று கேட்டால், "பீரோவத் தெறந்து பாரு" என்றுதான் பதில். சிலமலையில் ஒரு பெஞ்சு ஆடினாலும், அப்பாவைப் பார்த்து, "அண்ணே, நீங்க மட்டும் தொட்டுறாதீக" என்பார்கள். அவர் கடைசிவரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பிள்ளைகள் மட்டும் அவரை விடாமல் நச்சரிப்பார்கள்.

"தாத்தா, நீங்க கட்டுன பீரோ விழுந்துருச்சாமே?"

"என்னய என்ன செய்யச் சொல்றீக?" என்பார் அப்பா, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. "பக்கத்துல நின்னு யோசன சொன்னது ஒங்கம்மா."