மறக்காத நம்பர்

"இது டீயா, பாயாசமா?" என்று கப்பைக் கீழே வைத்தார் செல்லப்பாண்டி. ஏலக்காய் விற்க வந்த தோட்டக்காரர். சர்க்கரை நோய் உள்ளவர்.

போடியில் பொன்னுராஜின் ஏலக்காய்க் கடைக்கு டீ மிஷின் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சீனியைக் குறைக்கப் பொன்னுராஜ் கீபேடில் செட்டிங் பட்டனை அழுத்தினார். மிஷின் நான்கு இலக்க எண் கேட்டது.

எண்ணை வைத்தது மனைவி ஏஞ்சல். "உங்களுக்கு மறக்கவே மறக்காத நம்பரா வச்சிருக்கேன்" என்று சொல்லியிருந்தாள். அவர் போனைப் பார்த்தபடி தலையாட்டியிருந்தார்.

"வீட்டம்மாகிட்ட கேக்க வேண்டியதுதான?" என்றார் செல்லப்பாண்டி.

"கேட்டா மறந்துட்டேன்னு ஆயிரும்ல?"

ஏஞ்சல் சர்ச்சில் மாதர் சங்கக் கூட்டத்தில் இருந்தாள். அவள் திரும்புவதற்குள் கண்டுபிடித்துவிட வேண்டும்.

மறக்காத நம்பர் என்றால் கல்யாண நாள்தான். மே மாதம் என்பது வரை நினைவிருந்தது. குத்துமதிப்பாக ஒரு தேதியை அழுத்தினார். மிஷின் கீச்சென்று கத்தியது.

மைத்துனன் ஸ்டான்லிக்குப் போன் போட்டார்.

"மாப்ள, எங்க கல்யாணம் என்னைக்கு?"



"எதுக்கு மச்சான்? வக்கீல் யாரும் கேட்டாகளா?"

"டீ மிஷின் கேக்குது மாப்ள."

"குடிச்சிருக்கீகளா?"

"ஒரு வாய்தான். சீனி கூடிப்போச்சு."

"மே பதினெட்டு. அவசரப்பட்டு எதுவும் பண்ணிறாதீக. அங்கனயே இருங்க, வாரேன்."

மே பதினெட்டுக்கும் மிஷின் கத்தியது.

"பொறந்தநாளா இருக்கும்" என்றார் செல்லப்பாண்டி.

அதுவும் தெரியவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஜாய்ஸைக் கூப்பிட்டார்.

"அம்மா பொறந்தநாள் என்னைக்குத்தா?"

"போன செவ்வாய்க்கெழமைப்பா."

"போன செவ்வாயா?"

"அம்மா கேசரி கிண்டுனாகளே. நீங்க சாப்பிடலையா?"

சாப்பிட்டிருந்தார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்ன விசேஷம் என்று மட்டும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்து அந்தத் தேதியை மெதுவாக அழுத்தினார். அதுவும் இல்லை.

கைக்குக் கிடைத்த பட்டன்களை எல்லாம் அழுத்தினார். மிஷின் தன்னைத்தானே கழுவத் தொடங்கியது. சுடுதண்ணீர் தரையில் ஓடி மூட்டைகளை நெருங்கியது.

"என் சரக்க நனைச்சுட்டு வெலையக் குறைக்கலாம்னு பாக்கீகளா?" என்று மூட்டையை இழுத்தார் செல்லப்பாண்டி.

வாசலில் பைக் நின்றது. ஸ்டான்லியின் பின்னால் ஏஞ்சல், கையில் பைபிளோடு இறங்கினாள். கூட்டத்தின் நடுவிலேயே கூட்டிவந்துவிட்டான்.

"எதுனாலும் பேசித் தீத்துக்கலாம் மச்சான்" என்றான் ஸ்டான்லி.

பொன்னுராஜ் கால் நனைய நின்றார்.

"ஏஞ்சல், எனக்குக் கல்யாண நாளும் தெரியல. பொறந்தநாளும் தெரியல. கேசரி தின்னது மட்டும் தெரியுது. மன்னிச்சுரு."

அவள் பைபிளை மேசையில் வைத்தாள். தண்ணீரை நிறுத்தினாள். நான்கு எண்களை அழுத்தினாள். மிஷின் கத்தவில்லை. சீனியைக் குறைத்தாள்.

"அது எந்தத் தேதி?" என்று தயங்கிக் கேட்டார்.

"தேதிய வச்சா மறந்துருவீகன்னுதான், போன வருசம் நம்ம சரக்கு ஏலத்துல கிலோவுக்குப் போன உச்ச வெலைய வச்சேன்."