எங்கட எலியாஸ்

இந்த ரொறன்ரோவில் ஒரு தினுசு மனிதர் இருக்கிறார்கள். இரவல் பரம்பரைக்காரர் என்று நான் அவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். சொந்தப் பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஆனால் எங்கோ ஒரு தேசத்தில் என்றோ செத்துப்போன கோடீஸ்வரர் காலையில் என்ன சாப்பிட்டார், எந்த மகனை வீட்டைவிட்டுத் துரத்தினார், மாமியாரோடு ஏன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்பதெல்லாம் அத்துப்படி. பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுமுன் ஒரு அத்தியாயம், வெட்டியபின் இன்னொரு அத்தியாயம். செத்தவீட்டில் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்வார்கள்.

மார்க்கம் நகரத்து றெமிஜியஸ் அண்ணையை எடுத்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கந்தோரில் வேலை, நல்ல மனிசன், கோயில் திருவிழாவுக்குக் கதிரை அடுக்குவார். ஒரு பனிக்காலத்தில், காரில் போகும்போது கேட்கவென்று யாரோ கொடுத்த ஒலிப்புத்தகத்தில் அவருக்கு எலியாஸ் பென்வெல் அறிமுகமானார். பென்வெல் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர். பொஸ்டன் துறைமுகத்தில் பஞ்சும் தேயிலையும் ஏற்றியிறக்கி, பிறகு கப்பல்காரருக்கும் வியாபாரிகளுக்கும் கடன் கொடுக்கும் வங்கி வைத்து, மலைபோல் ஒரு வீடும் கட்டி, அதற்குள் நிம்மதியில்லாமல் செத்தவர். அன்றிலிருந்து 401 நெடுஞ்சாலையில் வாகன நெரிசல் என்றால் ஊரே திட்டும், அண்ணை மட்டும் மகிழ்வார். இன்னும் ஒரு அத்தியாயம் கேட்கலாமல்லவா?

முதல் மாதம் அவர் 'பென்வெல்' ஆக இருந்தார். அடுத்த மாதம் 'எலியாஸ்'. தவக்காலம் வருவதற்குள் 'எங்கட எலியாஸ்' ஆகிவிட்டார்.

"எங்கட எலியாஸ் ஒரே ஒரு பெட்டியோட வந்து இறங்கின மனுசன், தெரியுமோ?" என்பார், குளிர்பெட்டியிலிருந்து பாலை எடுத்துக்கொண்டே.

"நீங்கள் மட்டும் பத்துப் பெட்டியோடயே வந்தனீங்கள்?" என்பார் மனைவி செலீன். அது அண்ணையின் காதில் விழாது. இந்த இனத்தாருக்குக் காது ஒருவழிப் பாதை.

இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். ஒரு கெடுதலும் இருக்கவில்லை, மகள் நதீஷாவின் கலியாணப் பேச்சு வரும்வரை.

நதீஷாவும் மில்லிக்கன் பக்கத்துப் பையன் கிளிபோட்டும் ஒரே கந்தோரில் வேலை செய்து, தாங்களாகவே எல்லாம் முடிவெடுத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் முடிவெடுத்த கலியாணத்தையும் பெரியவர்கள் பேசித்தானே ஆகவேண்டும்? கிளிபோட்டின் தாய் அருள்மலரும் தகப்பன் மாக்கஸும் ஒரு ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்தார்கள். றோல்ஸ் வந்தது. தேத்தண்ணி வந்தது. பிறகு அந்தக் கேள்வி வந்தது.

"அப்ப, உங்கட பக்கத்தில ஆரார் இருக்கினம்?" என்று கேட்டார் அருள்மலர். நம்மவர் கலியாணப் பேச்சில் மற்றதெல்லாம் உபசாரம்; இதுதான் பரீட்சை. ஆனால் அண்ணை வாயைத் திறக்குமுன், வந்தவர்களுக்கு வீடு காட்டும் வழக்கப்படி, செலீன் அருள்மலரைக் கீழே பேஸ்மென்ட் பார்க்க அழைத்துப் போய்விட்டார். மேலே மாக்கஸ் சாய்ந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தபடி நித்திரை கொள்ளும் அபூர்வக் கலை கைவந்த மனிதர் அவர். குடும்பம் என்ற சொல் காதில் விழுந்தால் அண்ணைக்கு எந்தக் குடும்பம் ஞாபகம் வரும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அருள்மலர் படியேறி வந்தபோது கதை அமெரிக்காவையும் பொஸ்டனையும் தாண்டிப் பாதிக்கு வந்திருந்தது.

"எங்கட எலியாஸின்ர தம்பி ஜோசப் இருக்கிறாரெல்லோ, அவர் கப்பல் விஷயத்தில ஏதோ சுத்துமாத்துச் செய்து மறியலுக்குப் போனவர். பெண்சாதி மார்த்தா சயரோகத்தில மோசம் போக, எலியாஸ் ஆறு மாசத்தில இரண்டாந் தாரம் கட்டிப்போட்டார். மூத்தவன் குதிரைப் பந்தயம், குடி. கடைசிப் பொம்பிளைப் பிள்ளை வண்டிக்காரனோட ஓடிப்போட்டுது."

எலியாஸ், ஜோசப், மார்த்தா. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் இந்த மூன்று பெயரும் இல்லாத வீடு எது? அருள்மலர் தேத்தண்ணியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். "நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். அதன் அர்த்தம் உங்களுக்கும் தெரியும்.

மூன்று நாளாகப் பதிலில்லை. நான்காம் நாள் நதீஷா அழுதுகொண்டு வந்தாள். "அப்பா, வட் டிட் யு டெல் தெம்? எங்கட ஃபமிலில ஜெயிலுக்குப் போன ஆக்களும் ஓடிப்போன ஆக்களும் இருக்கினமாம். கிளிபோட்டின்ர அம்மா வேண்டாமெண்டிட்டா!"

அண்ணைக்கு முகம் வெளுத்தது. பாவமாய்த்தான் இருந்தது, பெற்ற மனமல்லவா? உடனே தொலைபேசியை எடுத்து, அதிசயமாக ஒரே மூச்சில் உண்மையைச் சொன்னார். "அது எங்கட ஆக்களில்லை, அமெரிக்கன். செத்து எத்தினையோ காலம்."

அந்தப் பக்கம் அருள்மலரின் குரல் கேட்டது. "சரி. அப்ப உங்கட ஆக்கள் ஆர்?"

"எனக்கு ஒரு தம்பி. டோர்செட் பார்க்கில இருக்கிறான்."

"பிள்ளையள்?"

"மூண்டு. மூத்தவன் பிரசாந். மற்றவள் நிரோஷினி. சின்னவன்…"

நின்றது. எலியாஸின் ஏழு பிள்ளைகளையும் தலைகீழாகச் சொல்லக்கூடிய வாய் அங்கே நின்றது. காரில் கால்மணி நேரம் தள்ளி இருக்கிற, தானும் ஒரே ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய தம்பி. அவன் கடைசிப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அண்ணை போய் வெள்ளை உடுப்பும் கொடுத்தவர். பெயர்தான் வரவில்லை. பக்கத்தில் நின்ற செலீனுக்குத் தெரியும். வேண்டுமென்றே சொல்லாமல் நின்றார்.

அருள்மலர் அனுபவசாலி. "வாற ஞாயிறு எங்கட வீட்டை சாப்பாட்டுக்கு வாங்கோ" என்றார். "தம்பியாக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தச் சின்னவன் தன்ர பேரைத் தானே சொல்லட்டும், பிறகு கலியாணம் கதைப்பம். எலியாஸை வீட்டில விட்டிட்டு வாங்கோ."

அன்று பின்னேரமே அண்ணை டோர்செட் பார்க்குக்குக் காரை எடுத்தார். வழியெல்லாம் நெரிசல். ஒலிப்புத்தகத்தைப் போடவில்லை என்று கேள்வி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. எந்த நடிகருக்கு எத்தனையாவது மனைவி, எந்தக் கோடீஸ்வரர் எந்தத் தீவில் வீடு வாங்கினார் என்பதெல்லாம் உங்களுக்கும் ஓரளவு தெரியும்தானே? பிழையில்லை. போகிறபோக்கில் ஒரு சின்னக் கேள்வி மட்டும்: உங்கள் சித்தப்பாவின் கடைசிப் பிள்ளைக்கு என்ன பெயர்?

கைபேசியைக் கீழே வையுங்கள். அதில் இருக்காது.