உஷ் அண்ணனுக்காக அடித்த ஹாரன்

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்டுவிட்டு அமைதியை எதிர்பார்த்த ஒரே மனிதர், இந்தியாவிலேயே எங்கள் உஷ் அண்ணன்தான்!

திண்டிவனத்தில் அவருடைய வெல்டிங் கடைக்கு மாடியில்தான் என் ரூம். எல்லாரும் கண்ணால் பார்த்து வெல்டிங் அடிப்பார்கள். இவர் காதால் கேட்டு அடிப்பார்.

“எண்ணெயில வடை வேகுற மாதிரி ஒரே சீரா சத்தம் வரணும்டா. பிசிறடிச்சா ஜாயின்ட் அவுட்டு!”

அதனால் அவர் ராடைத் தொட்டால் தெருவே மூச்சு விடக்கூடாது. ஹாரன் அடித்த விழுப்புரம் பஸ்ஸையே மறித்து, “யோவ், வேலை நடந்துக்கினு இருக்குது, உஷ்!” என்றவர். ஆட்டோக்காரர்கள் அவர் கடை தாண்டும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். சத்தியமாக!

ஒருநாள், கடலுக்கடியில் வெல்டிங் அடிக்கும் வீடியோவைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“தம்பி, அங்க ஹாரனே இல்லடா!”

அவர் அம்மா ஊர் கடலோர மரக்காணம், நீச்சலுக்குக் கேட்கவா வேண்டும்? கடையை மச்சானிடம் விட்டுவிட்டு டைவிங் கோர்ஸுக்கு மும்பை போனார்.

லீவில் வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. தொட்டிக்குள் இறங்கி வெல்டிங் அடிக்கும் டெஸ்ட். தண்ணீர் ஒரே கலங்கல், காதுதான் கதி. ஆனால் மூச்சு விட்டால் காதோரம் பொளபொளவென்று குமிழி. வடைச் சத்தம் கேட்கவில்லையென்று அண்ணன் மூச்சை அடக்கிவிட்டார். டைவர் செய்யவே கூடாத காரியம் அது. மேலே குமிழி நின்றதும், ஆள் காலியென்று இழுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு தடவை! இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான்.

“இதுவும் ஊத்திக்கிச்சுன்னா, ஆயுசுக்கும் இதே கடையில ஜன்னல் கம்பி ஒட்டுறதுதான்டா. சத்தத்துக்கு நடுவுலயே கேட்டுப் பழகணும். ஜல்தியா எல்லாரையும் கூப்புடு. ஹாரன் அடிக்கச் சொல்லு!”

தெருவுக்கே தீபாவளி. எத்தனை வருஷக் கடுப்பு! ஆட்டோக்காரர்கள் க்யூவில் நின்று அடித்தார்கள். விழுப்புரம் பஸ் டிரைவர் ஏர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

“போதுமா தலைவா, இன்னும் வேணுமா?”

“அடிய்யா!”

நான் அவர் காதருகே தகர டின்னைத் தட்டிக்கொண்டே, “அண்ணே, மூச்சு உடு! மூச்சு உடு!” என்று கத்தினேன். முதல் நாள் ஜாயின்ட் எல்லாம் கரையான் புற்று. நாலாம் நாள், அந்த இரைச்சலுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டே கூவினார்:

“கேக்குதுடா! வடை கேக்குது!”

மூன்றாவது டெஸ்டில் பாஸ்! இப்போது ஏதோ ஒரு கடலுக்கடியில் குழாய்க்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஃபோன் செய்தார்.

“எப்படிண்ணே இருக்குது?”

“அமைதியா இருக்குதுடா. ரொம்பவே அமைதி. ஃபோனை அப்படியே ரோட்டுப் பக்கம் காட்டேன்.”

மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். வந்துகொண்டிருந்த விழுப்புரம் பஸ்ஸைக் கைகாட்டி மறித்தேன்.

“அண்ணே, ஒரு தபா நல்லா அடிங்க. நம்ம உஷ் அண்ணன் லைன்ல இருக்குறாரு.”